பிள்ளைத்தாய்ச்சிக்கு ஏன் சுறா?

போன வாரமும் ஒரு மாமியார். எட்டாம் மாத மருமகளைக் கூட்டி வந்தவர், "கரிமேட்டு மீன் மார்க்கெட்டுல சொல்லிவச்சு வாரம் மூணு தடவை பால்சுறா வாங்கி ஆக்கிப்போடுறேன் டாக்டரம்மா. இப்பயிருந்தே தின்னாத்தான் பால் ஊறும்" என்றார். சுறாவில் சேரும் பாதரசம் வயிற்றுப் பிள்ளையின் மூளையைப் பாதிக்கலாம் என்று சொன்னேன். "மஞ்சளும் கல்லுப்பும் போட்டு நாலு தண்ணி அலசித்தானே ஆக்குறேன்!"

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மஞ்சளும் உப்பும் கவிச்சியைப் போக்கும், அவ்வளவுதான். மீனில் இருக்கும் பாதரசம் பெரும்பாலும் மெத்தில் பாதரசம் என்ற வடிவத்தில், சதைப் புரதத்தோடு பிணைந்து கிடப்பது. புளியில் கொதித்தாலும் போகாது, எண்ணெயில் பொரித்தாலும் போகாது, தோலை உரித்தாலும் போகாது. கருவாடாக்கினால் நீர் வற்றி, அதே எடைக்குப் பாதரசம் கூடத்தான் செய்யும். குடலையும் செவுளையும் எடுத்தெறிவது நல்லதே. காட்மியம், ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் சதையைவிட உள்ளுறுப்பு, செவுள், எலும்புகளில்தான் அதிகம் சேரும். பாதரசமோ நாம் தின்னும் துண்டத்திலேயே இருக்கிறது.

சுறா பல வருடம் வாழ்ந்து, மற்ற மீன்களைத் தின்று வளர்வது. தின்ற மீன்களின் பாதரசமெல்லாம் அதன் உடம்பில் சேர்கிறது; தாய் அதைச் சாப்பிட்டால் நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போகிறது. தாயின் இரத்தத்தைவிடத் தொப்புள்கொடி இரத்தத்தில் அளவு கூடுதல். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளிப்பட்ட பாதரச நோயில், பெரிதாக அறிகுறி இல்லாத தாய்மாருக்கும் மூளை பாதித்த பிள்ளைகள் பிறந்தன. அது ஆலைக்கழிவு கலந்த கடல். நம் சந்தைச் சுறாவில் அந்த அளவு இல்லை. ஆனாலும் வளரும் மூளையை வைத்துக்கொண்டு வாரம் மூன்று முறை எதற்கு?

வளர்ப்பு மீன்தான் விஷம், கடல் மீன் சுத்தம் என்பது இன்னொரு நம்பிக்கை. வளர்ப்பு மீன்களான கட்லா, ரோகு சீக்கிரமே விற்பனைக்கு வந்துவிடுவதால் பாதரசம் பொதுவாகக் குறைவு. சாக்கடை விழும் கண்மாயிலும் ஊருக்குள் ஓடும் வைகையிலும் பிடித்ததை மட்டும் தொடாதீர்கள். தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் வேண்டாம்.

மீனையே நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. பிள்ளையின் மூளைக்கு வேண்டிய கொழுப்பு மீனில் இருக்கிறது. சாளை, நெத்திலி, காரப்பொடி வாரம் இரண்டு முறை தாராளமாகச் சாப்பிடலாம், விலையும் குறைவு. பெரிய வஞ்சிரம், சூரை எப்போதாவது. சுறா கர்ப்பத்திலும் வேண்டாம், பால் கொடுக்கும்போதும் வேண்டாம். உடம்பில் சேர்ந்த பாதரசம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 50 நாளாகும்; ஆகவே பிள்ளைக்குத் திட்டமிடும்போதே நிறுத்துங்கள்.

பிள்ளை அடிக்கடி சப்பிக் குடித்தால்தான் பால் ஊறும் அம்மா. சுறாப்புட்டுக்கு உரித்து வைத்த பூண்டைச் சாளைக் குழம்பில் போட்டு மருமகளுக்குக் கொடுங்கள்.