ராத்திரி கயாக்ல இருட்டு பிரச்சினை இல்ல, வெளிச்சம்தான்

கயாக்ல, அதான் துடுப்பு போட்டு போற ஒல்லியான குட்டி படகுல, ஏறி உக்காந்ததும் புதுசா வர்றவங்க பண்ற மொத காரியம் தலையில மாட்டியிருக்கற ஹெட்லேம்ப ஆன் பண்றது, கைடு வாயில இருந்து வர்ற மொத வார்த்தை அத ஆஃப் பண்ணுங்கன்றது. நானும் அதே தப்ப பண்ணவன்தான். காசு போட்டு வாங்கின லைட்டு, சுத்தி கருப்பா தண்ணி, இப்ப போடாம வேற எப்ப போடறதுன்னு ஒரே எரிச்சல். அரை மணி நேரம் கழிச்சுதான் விஷயம் புரிஞ்சுது. நகரத்து துறைமுகத்துல ராத்திரி துடுப்பு போடறப்ப இருட்டு நம்மள ஒண்ணும் பண்ணாது, அங்க வர்ற தொல்லையில பாதிக்கு மேல வெளிச்சத்தாலதான் வருது. நம்ம கையில இருக்கற வெளிச்சம், கரையில இருக்கற வெளிச்சம், தண்ணி மேல விழுந்து நீண்டு கெடக்கற வெளிச்சம், எல்லாமே.

மொதல்ல கண்ண பாப்போம். விழித்திரையில ரெண்டு வகை செல் இருக்கு. பகல் வெளிச்சத்துக்கும் கலருக்கும் கூம்பு செல்கள், ஒரு கண்ணுக்கு சுமார் 60 லட்சம். மங்கின வெளிச்சத்துக்கு குச்சி செல்கள், அது சுமார் 12 கோடி. குச்சி செல்லுக்குள்ள ரோடாப்சின்னு ஒரு நிறமி இருக்கு, வெளிச்சம் பட்டா அது சிதையும், இருட்டுல மெதுவா திரும்ப உருவாகும். மெதுவான்னா நெஜமாவே மெதுவா. இருட்டுக்குள்ள போன மொத 10 நிமிஷத்துல கூம்பு செல்கள் தன்னால முடிஞ்ச அளவுக்கு பழகிடும், அதுக்கப்பறம்தான் குச்சி செல்கள் வேலைய கையில எடுக்கும், முழுசா பழக 30 நிமிஷத்துக்கும் மேல ஆகும். அவ்வளவு நேரம் உக்காந்து சேத்தத ஒரு ஹெட்லேம்ப் சில நொடில காலி பண்ணிடும். அதுவும் உங்களோடது மட்டும் போனா பரவால்ல, பேசறதுக்காக தலைய திருப்பறப்ப பக்கத்து கயாக்ல இருக்கறவரோடதும் சேந்து போகும்.

சரி லைட்டே இல்லாம மேப் எப்படி பாக்கறதுன்னா, அதுக்குதான் சிவப்பு லைட். குச்சி செல்கள் அதிகமா உணர்றது 500 நானோமீட்டர் அலைநீளத்துக்கு பக்கத்துல இருக்கற நீலப்பச்சைய, ஆழ்ந்த சிவப்பு அதுங்களுக்கு கிட்டத்தட்ட தெரியவே தெரியாது. ஆனா மங்கின சிவப்பா இருக்கணும், சில ஹெட்லேம்ப்ல சிவப்பு மோடு கார் பிரேக் லைட் மாதிரி எரியுது, அதுக்கு பேசாம வெள்ளையே போட்டுக்கலாம்.

இன்னொரு கூத்து இருக்கு. நாம நேரா பாக்கற பார்வை விழித்திரையோட நடுவுல ஒரு சின்ன குழியில விழுது, அந்த குழியோட மையத்துல குச்சி செல்லே கிடையாது. அதனால ராத்திரில ஒரு பொருள உத்து பாத்தா அது காணாம போகும், 15, 20 டிகிரி தள்ளி பாத்தா திரும்ப வரும். எனக்கு இது லைட் இல்லாத ஒரு பழைய மிதவைல தெரிஞ்சுது. ஓரக்கண்ணுல கருப்பா உருண்டையா ஏதோ தெரியுது, என்னடான்னு நேரா பாத்தா வெறும் தண்ணி, பார்வைய எடுத்தா மறுபடி அங்கயே நிக்குது, கடைசில கயாக் மூக்கு அதுல டொக்குன்னு இடிச்சப்பதான் நேரா பாத்து தெரிஞ்சுகிட்டேன்.

இவ்வளவு பாடுபட்டு கண்ண இருட்டுக்கு பழக்கினா துறைமுகம் இருட்டா இருக்குமான்னா இருக்காது. கிரேன் லைட்டு, கட்டடம், ரோட்டு விளக்கு, விளம்பர பலகைன்னு கரை பூரா எரியும். கயாக்ல நம்ம கண்ணு தண்ணிக்கு மேல 80 சென்டிமீட்டர் இருந்தா பெருசு. அந்த தாழ்வான எடத்துல இருந்து பாக்கறப்ப தண்ணி ஒரு வேல காட்டும். மேல இருந்து செங்குத்தா பாத்தா தண்ணி தன் மேல விழற வெளிச்சத்துல 2 சதவீதத்ததான் திருப்பி அனுப்பும், சாய்வா, தண்ணிய ஒட்டினாப்புல பாக்க பாக்க அது கண்ணாடியாவே மாறிடும். அதுலயும் தண்ணி தட்டையா இல்ல, குட்டி குட்டி அலை. ஒவ்வொரு அலையும் கொஞ்சம் சாஞ்ச ஒரு துண்டு கண்ணாடி, கண்ணாடி 5 டிகிரி சாஞ்சா அதுல பட்டு திரும்பற வெளிச்சம் 10 டிகிரி விலகும், அதனால தூரத்துல இருக்கற ஒரு பல்போட பிம்பம் ஒரே எடத்துல விழாம, பல்புல இருந்து உங்க கயாக் வரைக்கும் ஒரு நீள கோடா இழுபட்டு வரும். கரையில 200 லைட் இருந்தா 200 கோடு, எல்லாமே உங்கள நோக்கிதான். பாக்க அழகுதான், போட்டோவும் நல்லா வரும், ஆனா அந்த கோடுகளுக்கு நடுவுல ஒரு சின்ன படகோட சிவப்பு லைட்ட கண்டுபிடிக்கணும்னா அப்ப தெரியும்.

அந்த சிவப்பு லைட் எதுக்கு முக்கியம்னா, ராத்திரில கப்பல் தெரியாது, லைட்டுதான் தெரியும். 1972ல ஒத்துகிட்டு 1977ல நடைமுறைக்கு வந்த சர்வதேச மோதல் தடுப்பு விதிகள்படி ஒவ்வொரு கப்பலுக்கும் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னாடி வெள்ளை. பக்க விளக்கு ஒவ்வொண்ணும் நேர் முன்னால இருந்து ஆரம்பிச்சு 112.5 டிகிரிக்கு மட்டும் தெரியும், பின் விளக்கு 135 டிகிரி, மூணையும் கூட்டுங்க, சரியா 360 வரும். இடைவெளியே கிடையாது, எந்த திசையில இருந்து பாத்தாலும் ஏதாவது ஒரு கலர் தெரியும், அந்த கலர வச்சே அது எந்தப்பக்கம் போகுதுன்னு சொல்லிடலாம். சிவப்பு மட்டும் தெரிஞ்சா அதோட இடப்பக்கத்த பாக்கறீங்க, அதாவது அது உங்களுக்கு இடது கைப்பக்கமா நகந்துகிட்டிருக்கு. பச்சைன்னா வலது கைப்பக்கம். சிவப்பும் பச்சையும் சேந்து தெரிஞ்சா நேரா உங்கள நோக்கி வருது, அப்ப இந்த கணக்கெல்லாம் ஓரமா வச்சுட்டு வழிய விடுங்க.

எஞ்சின் படகுகளுக்கு இதுக்கும் மேல முன்பக்கமா ஒரு வெள்ளை கம்ப விளக்கு உண்டு. அந்த வெள்ளை ஒரே கம்பத்துல ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெண்டு இருந்தா எதையோ இழுத்துகிட்டு போகுதுன்னு அர்த்தம், பின்னாடி வர்ற சரக்கோட கடைசி வரைக்கும் 200 மீட்டர தாண்டினா மூணு. இத நான் வேணும்னே தனியா சொல்றேன், ஏன்னா ராத்திரி துறைமுகத்துல எனக்கு ரொம்ப பயமான விஷயம் இதான். டக் போட், அதான் மத்த கப்பல்கள இழுக்கற படகு, ஒண்ணு கடந்து போகும், அதுக்கு பின்னாடி இருட்டா ஒரு இடைவெளி, அதுக்கு பின்னாடி கொஞ்ச தூரத்துல மங்கலா ஒரு பக்க விளக்கு. வேற ஏதோ படகு போல, நடுவுல புகுந்து போயிடலாம்னு தோணும். நடுவுல இருக்கறது இழுவை கம்பி, பின்னாடி வர்றது பிரேக்கே இல்லாத பார்ஜ், அதாவது தட்டையான சரக்கு படகு.

கரையில ட்ராஃபிக் சிக்னலும் கடை போர்டும் இதே சிவப்பு பச்சைல எரியறதால கைடுங்க வேற ஒரு வழி வச்சிருக்காங்க. எரியற லைட்ட தேடாதீங்க, அணையற லைட்ட தேடுங்க. கரை விளக்குங்க இடமிருந்து வலமா ஒவ்வொண்ணா அணைஞ்சு திரும்ப எரிஞ்சா உங்களுக்கும் கரைக்கும் நடுவுல கருப்பா ஒரு உடம்பு நகருதுன்னு அர்த்தம். தண்ணியில இருக்கற வெளிச்ச கோடுங்களும் அதே மாதிரி அறுபடும். கரை வெளிச்சம் நமக்கு உதவறது இந்த ஒரு விஷயத்துலதான்.

மோதுமா மோதாதான்னு பாக்கவும் சுலபமான சோதனை இருக்கு. கயாக் மூக்க திருப்பாம ஒரே திசையில போய்கிட்டே, அந்த லைட் உங்க மூக்குல இருந்து எந்த கோணத்துல இருக்குன்னு பாருங்க. கோணம் மாறிகிட்டே இருந்தா முன்னாடியோ பின்னாடியோ கடந்து போயிடும். கோணம் மாறாம லைட் மட்டும் பெருசாகிட்டே வந்தா ரெண்டு பேரும் ஒரே புள்ளிக்கு போய்கிட்டிருக்கீங்க. இதுல ஒரே சிக்கல், வெத்து இருட்டுல தனியா இருக்கற ஒரு லைட்டயே பாத்துகிட்டிருந்தா அசையாத லைட்டும் அசையற மாதிரி தெரியும், நம்ம மூளை பண்ற கோளாறு அது. அதனால பாத்துட்டு கண்ண எடுங்க, திரும்ப பாருங்க.

கப்பல்காரங்க நம்மள பாத்துக்க மாட்டாங்களான்னு கேக்கலாம். 1998 ஜூலை 1ல இருந்து கட்டின, 55 மீட்டரும் அதுக்கு மேலயும் நீளமான கப்பல்களுக்கு ஒரு சர்வதேச விதி இருக்கு, ஓட்டறவர் நிக்கற எடத்துல இருந்து பாத்தா கப்பல் மூக்குக்கு முன்னாடி கடல் மறையற தூரம் கப்பலோட ரெண்டு நீளத்தையோ 500 மீட்டரையோ தாண்டக்கூடாது, ரெண்டுல எது கம்மியோ அது. திருப்பி படிச்சு பாருங்க, 500 மீட்டர் வரைக்கும் தெரியாம இருந்தா பரவால்லன்னு விதியே சொல்லுது! ரேடாரும் கைகொடுக்காது, கயாக் பிளாஸ்டிக், ரேடியோ அலை பெரும்பாலும் ஊடுருவி போயிடும், மிச்சம் திரும்பறது அலையோட இரைச்சல்ல கலந்துடும். அதனால கப்பல் வழியில நாம இருக்கவே கூடாது. குறுகின கால்வாய்ல பெரிய கப்பலுக்கு குறுக்க நிக்காதேன்னு விதியும் நமக்குதான் சொல்லுது. கைடு குறுக்க கடக்கறப்ப எல்லாரையும் ஒண்ணா சேத்து, நேர் செங்குத்தா, வேகமா கூட்டிட்டு போறது இதுக்குதான், சாய்வா கடந்தா கால்வாய்க்குள்ள இருக்கற நேரம் கூடும்.

நிலாவ பத்தியும் ஒண்ணு சொல்லணும். பௌர்ணமி ட்ரிப்புக்குதான் எங்கயும் கூட்டம். ஆனா பௌர்ணமி, அமாவாசையில சூரியனும் நிலாவும் ஒரே கோட்டுல நின்னு இழுக்கறதால கடலேத்தமும் வத்தமும் அந்த நாள்லயும் அடுத்த ஓரிரு நாள்லயும்தான் உச்சத்துல இருக்கும், அப்ப நீரோட்டமும் பலமா இருக்கும். பல துறைமுகங்கள்ல ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் நடுவுல 6 மணி நேரம் 12 நிமிஷம் சொச்சம், அதுல நடு ரெண்டு மணி நேரத்துலயே மொத்த தண்ணியில பாதி நகந்துடும்னு மாலுமிங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க. குழுவா போறப்ப கயாக் வேகம் 3 நாட் (மணிக்கு சுமார் அஞ்சரை கிலோமீட்டர்) இருக்கும், எதிர்ல ஒன்றரை நாட் ஓடினா திரும்பி வர்ற நேரம் ரெண்டு மடங்கு. இத விட மோசம் கட்டி வச்சிருக்கற பார்ஜுங்க. நீரோட்டம் அதோட மூக்குல மோதி அடியில புகுந்து போகும், நாம பக்கத்துல இருந்தா நம்மளயும் சேத்து கீழ இழுக்க பாக்கும். பகல்ல அந்த தண்ணி சுழிக்கறது கண்ணுக்கு தெரியும். ராத்திரில காதுதான், களக் களக்னு ஒரு சத்தம். கேட்டா அந்தப்பக்கம் போகவேண்டாம்.

பாலத்துக்கு அடியில, படகுத்துறைக்கு அடியில மட்டும் கொஞ்சம் நெஜ இருட்டு கெடைக்கும். அங்க நின்னு துடுப்ப மெதுவா தண்ணியில விடுங்க. அதிர்ஷ்டம் இருந்தா துடுப்பு ஓரத்துல நீலமா ஒரு பொறி கெளம்பி அணையும், துடுப்ப தூக்கினா சொட்டற ஒவ்வொரு துளியும் விழற எடத்துல ஒரு புள்ளி எரியும். டைனோஃப்ளாஜெலேட்டுன்னு சொல்ற ஒரு செல் உயிரிங்க அது. தண்ணி வேகமா உராயறப்ப செல் சவ்வு அமுங்கி, உள்ள இருக்கற லூசிஃபெரின்ங்கற வேதிப்பொருள் ஆக்சிஜனோட சேந்து, ஒரு நொடியில பத்துல ஒரு பங்கு நேரம் ஒளிய விடும். அதுல பல வகைங்க பகல்ல தொட்டாலும் மினுங்காது, உடம்புக்குள்ளயே ஒரு கடிகாரம் வச்சிருக்கு. இந்த ஒளி 480 நானோமீட்டர் பக்கம், நம்ம குச்சி செல்லுக்கு ரொம்ப பிடிச்ச எடம், அதனாலதான் 30 நிமிஷம் லைட் இல்லாம இருந்தவருக்கு தெரியறது, இப்பதான் போன் பாத்த பக்கத்து ஆளுக்கு தெரியாது, எங்க எங்கன்னு கேட்டுகிட்டே இருப்பார்.

நாங்க படகுத்துறைய விட்டு வெளிய வந்தப்பதான் டக் ஒண்ணு வந்துச்சு. நல்ல வேளை எதையும் இழுக்கல, ஒரே ஒரு வெள்ளை கம்ப விளக்கு. 5 குட்டி ஹார்ன் அடிச்சாங்க, நீ என்ன பண்றன்னு எனக்கு புரியலன்னு அர்த்தம். துடுப்பு படகுக்கு பக்க விளக்கு கட்டாயம் இல்ல, ஆனா வெள்ளை டார்ச் கையில தயாரா இருக்கணும், மோதற அளவுக்கு வர்றதுக்கு முன்னாடியே காட்டணும்னு விதி. நான் டார்ச்ச எடுத்து நேரா அவங்க கண்ணாடிய பாத்து அடிக்க போனேன், கைடு கத்தினார், உங்க நெஞ்சுல அடிங்கன்னு. டார்ச்ச அவங்க மேல அடிச்சா ஓட்டறவரோட 30 நிமிஷமும் போயிடும், அப்பறம் நம்மள மட்டும் இல்ல, எதையுமே பாக்க மாட்டார். நம்ம லைஃப் ஜாக்கெட்டு மேலயும் துடுப்பு இலை மேலயும் அடிச்சா, அந்த ஒத்த புள்ளி லைட்டு கை கால் வச்ச மனுஷனா தெரியும், ஆடற துடுப்பு கரை விளக்குங்களுக்கு நடுவுலயும் தனியா தெரியும். டக் வளைஞ்சு 100 மீட்டர் தள்ளி போயிடுச்சு.

போயிடுச்சேன்னு நான் துடுப்ப மடியில வச்சேன், அதுவும் தப்பு. கப்பலோட அலை கப்பலோட சேந்து வராது. ஆழமான தண்ணில கப்பல் எந்த வேகத்துல போனாலும் அதோட அலை பின்னாடி விரியற ஆப்போட பாதி கோணம் 19.5 டிகிரிதான், 1887ல கெல்வின்ங்கற இயற்பியலாளர் போட்ட கணக்கு. 8 நாட்ல போற டக் நம்மள கடந்து 280 மீட்டர் போன பிறகுதான் 100 மீட்டர் தள்ளி இருக்கற நம்மகிட்ட அந்த அலை வந்து சேரும், அதாவது ஒரு நிமிஷத்துக்கும் மேல. எல்லாரும் கத கேக்க ஆரம்பிச்சு பக்கவாட்டுல திரும்பி உக்காந்திருக்கறப்ப, இருட்டுல, சத்தமே இல்லாம. துறைமுகச் சுவர் பக்கத்துல இருந்தா இன்னும் கஷ்டம், செங்குத்து கான்க்ரீட்டு அலைய விழுங்காது, அப்படியே திருப்பி அனுப்பும், போறதும் வர்றதும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி அரை மீட்டர் அலை ஒரு மீட்டரா நின்ன எடத்துலயே எகிறும். கைடு ஒரே வார்த்தைல மூக்க திருப்பு, சுவர விட்டு வான்னார், நாங்க திருப்பி முடிக்கறதுக்குள்ள மொத அலை வந்துடுச்சு, மூணாவது அலைல என் மடியில இருந்த டார்ச் தண்ணிக்குள்ள போச்சு. எரிஞ்சுகிட்டேதான் போச்சு, கொஞ்ச நேரம் பச்சையா கீழ தெரிஞ்சுது.