உங்கள் ஸ்கிரிப்ட்டுக்கு ஆர்எம் என்று பெயர் வைக்காதீர்கள்

போன வாரம் இரவு பதினொன்றரைக்கு ஒரு தம்பியிடமிருந்து போன். புதிதாகச் சேர்ந்த இடத்தில், லினக்ஸ் சர்வரில், ட்ராஷுக்கு அனுப்பாமல் நேராக அழித்துவிடும் ஆர்எம் (rm) கமாண்டை அடித்து ஒரு ஃபோல்டரையே அழித்துவிட்டார். "அண்ணா, ட்ராஷ்ல இருக்கும்னு நினைச்சேன், ட்ராஷே இல்ல" என்றார். குரல் நடுங்கியது. இந்த வருடம் இதே கதையை நான் கேட்பது மூன்றாவது முறை.

அழிக்கும் ஃபைலைக் குப்பை ஃபோல்டருக்கு நகர்த்த ஒரு ஸ்கிரிப்ட் எழுதுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அதற்கு ஆர்எம் என்றே ஏலியாஸ் (கமாண்டுக்கு மாற்றுப் பெயர்) வைத்துவிடுகிறார்கள். "இனி ஆர்எம் ஆபத்தில்லை" என்று நம்பிக்கை வேறு. அந்த ஏலியாஸ் இருப்பது உங்கள் பாஷ்ஆர்சி ஃபைலில், அதாவது உங்கள் கணினியில் பாஷ் ஷெல் படிக்கும் செட்டிங் ஃபைலில். சர்வருக்கு அது எப்படித் தெரியும்? உங்கள் லேப்டாப்பிலேயே, அட்மின் அதிகாரத்தில் கமாண்டை ஓட்டும் சுடோ சேர்த்து அடித்தால் பொதுவாக அசல் ஆர்எம்தான் ஓடும். ஃபைல் பட்டியலை இன்னொரு கமாண்டுக்குக் கொடுக்கும் எக்ஸ்ஆர்க்ஸ் வழியாகப் போனாலும் அதேதான். பாஷ் ஸ்கிரிப்ட்டுகளுக்குள் ஏலியாஸ் இயல்பாக வேலை செய்வதே இல்லை. ஆனால் ஆறு மாதத்தில் கை பழகிவிடும், யோசிக்காமல் அடிக்கும். வேறு பெயர் வையுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். 'குப்பை' என்றே வையுங்கள். அது இல்லாத சர்வரில் அடித்தால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று வரும், ஒரு ஃபைலும் போகாது.

ஸ்கிரிப்ட் பத்து வரிதான். எம்வி (mv) கமாண்டால் நகர்த்துங்கள். பெயரோடு தேதியும் நேரமும் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் நேற்று போட்ட அதே பெயர் ஃபைலை இன்றையது விழுங்கிவிடும். எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதி வையுங்கள். வேரியபிள்களை இரட்டை மேற்கோளுக்குள் போடாமல் என்னிடம் கொண்டுவராதீர்கள். குப்பை ஃபோல்டர் டிஸ்கின் அதே பிரிவில் (பார்ட்டிஷனில்) இருந்தால் நொடியில் முடியும்; வேறு பார்ட்டிஷன் என்றால் ஃபைல் 40 ஜிபி ஆனாலும் அத்தனையையும் காப்பி செய்துகொண்டு நிற்கும்.

அனுபவசாலிகளே சறுக்கும் இடம், குறித்த நேரத்தில் கமாண்டைத் தானே ஓட்டும் க்ரான். 30 நாள் தாண்டியதை அழிக்க ஃபைல் தேடும் ஃபைண்ட் கமாண்டில் எம்டைம் (கடைசியாகத் திருத்திய நேரம்) போடுவார்கள். எம்வி அந்த நேரத்தை மாற்றுவதில்லை. இரண்டு வருடம் முன்பு கடைசியாகத் திருத்திய ஃபைலை இன்று மாலை குப்பையில் போட்டால், இன்று இரவே க்ரான் அதை ஒழித்துவிடும். அழித்த நாளின் பெயரில் துணை ஃபோல்டர் போட்டு, அந்தத் தேதியைப் பார்த்துக் காலி செய்யுங்கள். இதற்கெல்லாம் நேரமில்லையென்றால் இதே வேலையைச் செய்யும் ட்ராஷ்-சிஎல்ஐ என்ற ரெடிமேட் கருவி இருக்கிறது, நிறுவிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று. அசல் ஆர்எம்மால் அழித்துவிட்டால் எதையும் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது புரோகிராம் (ப்ராசஸ்) அந்த ஃபைலை இன்னும் திறந்து வைத்திருந்தால், ப்ராக் (/proc) ஃபோல்டரில் அந்த ப்ராசஸின் எஃப்டி (அது திறந்து வைத்திருக்கும் ஃபைல்களின் பட்டியல்) வழியாக அதைக் காப்பி எடுத்துவிடலாம். தம்பியிடம் அதைச் சொல்லலாமென்று வாயெடுத்தேன். பதற்றத்தில் ரீபூட் செய்துவிட்டுத்தான் எனக்கு போன் போட்டிருக்கிறார்.