பாசிட்டிவ் என்றால் எது? மலையிலிருந்து இறங்கும் மருத்துவக் குறிப்பும் அதன் குறியீட்டு எண்ணும்

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஒரு குழந்தைக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால், அது கடைசியில் எந்த ஊர் ஆஸ்பத்திரியில் படுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். அப்புறம் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி. இன்னும் பெரிதாகப் பார்க்க வேண்டுமென்றால் கோயம்புத்தூர். எல்லையோரத்தில் வீடு என்றால் சுல்தான் பத்தேரி, கோழிக்கோடு. சிலர் மைசூருக்கும் போகிறார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு மருத்துவர் எதையாவது எழுதுகிறார். ஒருவர் ‘சிக்கிள் பாசிட்டிவ்’ என்கிறார், இன்னொருவர் ‘கேரியர்’ என்கிறார், மூன்றாமவர் ‘ஹீமோகுளோபின் எஸ்.எஸ்.’ என்கிறார். இந்த மூன்றும் ஒரே விஷயமா? இல்லை. இவற்றை ஒன்றாக நினைத்து மருந்து எழுதினால் குழந்தைக்கு ஆபத்து.

ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோய்தான் சிக்கிள் செல். அது நமக்குப் புதிய நோய் இல்லை. இந்தியாவில் இந்த மரபணு இருப்பதாக வந்த முதல் அறிக்கைகளில் ஒன்று, 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் செய்த ஆய்வு. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். இந்த மரபணு இருந்தால் அந்த இடத்தில் வாலின் என்ற வேறோர் அமினோ அமிலம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அம்மா, அப்பா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணு வந்தால் பிள்ளை கேரியர். பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்நாளை ஓட்டிவிடலாம். இருவரிடமிருந்தும் வந்தால் நோய். ‘ஹீமோகுளோபின் எஸ்.எஸ்.’ என்பது இதுதான். குளிர், நீர்ச்சத்துக் குறைவு, காய்ச்சல் என்று எதுவும் கடும் எலும்பு வலியைக் கிளப்பிவிடும். மார்கழிப் பனியில் நடுங்கும் ஒரு மலையில் இது சின்ன விஷயமில்லை.

முகாம்களில் செய்யும் எளிய கரைதிறன் பரிசோதனை, ரத்தத்தில் இப்படி மாறிய எஸ் வகை ஹீமோகுளோபின் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். கேரியரா, நோயா என்று அது சொல்லாது. அதற்கு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரெசிஸ் அல்லது எச்.பி.எல்.சி. பரிசோதனை வேண்டும். ஆகவே முகாமில் ‘பாசிட்டிவ்’ வந்த பிள்ளையின் கணினிப் பதிவில் யாராவது ‘சிக்கிள் செல் நோய்’ என்று ஏற்றினால், யாருக்கும் இன்னும் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக எழுதியதாகிவிடும். அது கோயம்புத்தூர் போய்ச் சேரும்போது அங்கே இருப்பவர் சந்தேகப்படக் காரணமே இருக்காது.

இந்தக் குழப்பங்களைக் குறைக்கத்தான் உலக அளவில் மருத்துவச் சொற்களுக்கு ஒரு பொதுத் தொகுப்பு வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் ஸ்னோமெட் சி.டி. அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர்கள் வளர்த்த ஒரு தொகுப்பையும், பிரிட்டனின் அரசு மருத்துவத் துறை வைத்திருந்த இன்னொன்றையும் சேர்த்து 2002-இல் வெளியிட்டார்கள். இன்று லண்டனில் இருக்கும் ஒரு சர்வதேச அமைப்பு அதைப் பராமரிக்கிறது. இந்தியா 2014-இல் உறுப்பினரானது. அதனால் இங்கே இதைப் பயன்படுத்த உரிமக் கட்டணம் கிடையாது. புனேயில் உள்ள மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் நாட்டுக்கான பதிப்பைக் கவனித்துக்கொள்கிறது. மத்திய அரசு 2013-இல் வெளியிட்டு 2016-இல் திருத்திய மின்னணு மருத்துவப் பதிவு விதிமுறைகளும் இதைத்தான் பரிந்துரைக்கின்றன.

இதில் நோய், கிருமி, மருந்து, சிகிச்சை என 3,50,000-க்கும் மேற்பட்ட மருத்துவக் கருத்துகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். சர்க்கரை நோய்க்கு 73211009. மருத்துவர் ‘டயாபடீஸ்’ என்று தட்டினாலும் ‘டி.எம்.’ என்று தட்டினாலும், சரியாகத் தேர்ந்தெடுத்தால் உள்ளே போய்ச் சேர்வது அந்த ஓர் எண்தான். கோழிக்கோட்டில் படிக்கும் கணினிக்கும் அதே எண், அதே பொருள். சுருக்கெழுத்துகள் செய்யும் சேதம் இதில் பெருமளவு குறைகிறது. ‘எம்.எஸ்.’ என்று எழுதினால் இதய மருத்துவருக்கு மைட்ரல் வால்வு சுருக்கம், நரம்பியல் மருத்துவருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். எண்ணுக்கு இந்த இரட்டை வேடம் இல்லை.

ஆனால் சரியான எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டுமே! குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிறுவனம் இருப்பதால் ரேபிஸ் என்ற பெயர் நம் ஊரில் எல்லோருக்கும் பழக்கம். நாய் கடித்து ஊசி போட வந்தவருக்குக் கணினியில் ‘ரேபிஸ்’ என்று தட்டிப் பாருங்கள். ரேபிஸ் என்ற நோய், ரேபிஸ் வைரஸ் என்ற கிருமி, ரேபிஸ் தடுப்பூசி என்ற மருந்து, ரேபிஸ் ஊசி போடுதல் என்ற செயல் என வரிசையாக வரும். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் அது எந்த வகை என்று ஒரு சொல் ஒட்டியிருக்கும். நெரிசலான ஓ.பி.யில் முதலில் வருவதைச் சொடுக்கிவிட்டால், ஊசி போட்டுக்கொண்டு நலமாக வீட்டுக்குப் போனவர் பதிவில் ரேபிஸ் நோயாளி ஆகிவிடுவார். மாவட்டக் கணக்கிலும் ஒரு பொய்யான ரேபிஸ் ஏறும். அந்த வகைச் சொல்லை இடம் மிச்சம் பிடிக்கத் திரையில் மறைத்து வைக்கும் மென்பொருள்கள் உண்டு. அதைக் காட்டியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நோய்களை எழுதும் கட்டத்தில் நோய்கள் மட்டுமே தேடலில் வரும்படி கட்டுப்படுத்திவிட்டால் இன்னும் நல்லது.

எண் கொடுப்பதோடு ஸ்னோமெட் நின்றுவிடவில்லை. எது எதற்குக் கீழே வரும் என்ற உறவையும் அது வைத்திருக்கிறது. ஒரு பிள்ளைக்குத் தாய்வழியும் தந்தைவழியும் இருப்பதுபோல் ஒரு கருத்துக்குப் பல பெற்றோர் இருக்கலாம். பாக்டீரியா நிமோனியா நுரையீரல் நோய்களின் கீழும் வரும், தொற்றுநோய்களின் கீழும் வரும். ‘நுரையீரல் நோயாளிகள் எல்லோரையும் எடு’ என்று கேட்டாலும், ‘தொற்று வந்தவர்களை எடு’ என்று கேட்டாலும் அந்த நோயாளி விடுபடமாட்டார்.

இந்த உறவுதான் மருந்து எச்சரிக்கைக்கு உயிர். அமாக்சிசிலின் பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்தது. நோயாளியின் பதிவில் பென்சிலின் அலர்ஜி எண்ணாக ஏறியிருந்து, அதைப் பார்க்கும்படி மென்பொருளும் அமைந்திருந்தால், மருத்துவர் அமாக்சிசிலின் எழுதியதும் கணினி தடுத்துக் கேட்கும். அதையே யாரோ குறிப்புப் பகுதியில் ‘பென்சிலின் ஒத்துக்காது’ என்று வாக்கியமாக எழுதி வைத்திருந்தால் பெரும்பாலான மென்பொருள்கள் வாயே திறக்காது.

இதன் மறுபக்கம்தான் எனக்கு அதிகக் கவலை தருவது. சிக்கிள் செல் நோயுள்ள குழந்தைகளுக்கு மண்ணீரல் சிறு வயதிலேயே பழுதாகிவிடுகிறது. அதனால் கிருமிகளை எதிர்க்கும் சக்தி குறைந்து, நிமோகாக்கஸ் கிருமி உயிரையே எடுத்துவிடும். அதனால் 5 வயது வரை தினமும் பென்சிலின் கொடுத்துக் காப்பது உலகெங்கும் ஏற்றுக்கொண்ட முறை. இப்போது அப்படி ஒரு குழந்தைக்கு எப்போதோ அமாக்சிசிலின் கொடுத்தபோது இரண்டு நாள் வயிற்றால் போயிற்று என்று வைத்துக்கொள்வோம். அது பக்க விளைவு. அலர்ஜி என்பது நோய் எதிர்ப்பு மண்டலம் காட்டும் எதிர்ப்பு. இரண்டுக்கும் தனித்தனி எண்கள் இருக்கின்றன. அம்மா ‘அந்த மருந்து இவனுக்குச் சேரலைங்க’ என்று சொன்னதைக் கேட்டு, என்ன நடந்தது என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் அலர்ஜி என்று ஏற்றிவிட்டால், அடுத்தடுத்த மருத்துவர்கள் எல்லோரும் பென்சிலினைத் தவிர்ப்பார்கள். கணினியே தடுக்கிறதே! தடிப்பு வந்ததா, முகம் வீங்கியதா, மூச்சுத் திணறியதா, வெறும் வயிற்றுப்போக்கா என்று எதிர்வினையையும் சேர்த்து எழுதினால்தான் பின்னால் வருபவர் மறுபடி எடைபோட முடியும்.

அடுத்தது, யாருக்கு, எப்போது, எவ்வளவு உறுதி என்ற கேள்விகள். ஸ்னோமெட்டில் ஒரு நோயின் எண்ணை வெறுமனே எழுதினால், அது இந்த நோயாளிக்கே, உண்மையாகவே, இப்போது இருக்கிறது என்றுதான் பொருள். அக்காவுக்கு சிக்கிள் செல் நோய் இருக்கிறது. தம்பி வெறும் காய்ச்சலுக்கு வந்திருக்கிறான். குடும்ப வரலாறு என்று எழுத நினைத்தவர் நோயின் எண்ணை மட்டும் நோய்ப் பட்டியலில் போட்டுவிட்டால் நோய் தம்பிக்கு மாறிவிடுகிறது. ‘குடும்பத்தில் இந்த நோய் உண்டு’, ‘இந்த நோய் இல்லை’, ‘இருக்கலாம் என்ற சந்தேகம்’ ஆகியவற்றைச் சொல்ல ஸ்னோமெட்டில் தனிப் பிரிவே உண்டு.

இங்கே ஒரு நுணுக்கமான பள்ளமும் இருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் ஆஸ்பத்திரிகளுக்கு இடையே தகவல் போவது எஃப்.எச்.ஐ.ஆர். என்ற வடிவத்தில். அந்த வடிவத்திலேயே தற்காலிகம், உறுதியானது, மறுக்கப்பட்டது, தவறுதலாக ஏற்றியது என்று உறுதிநிலையைச் சொல்லத் தனிக் கட்டம் இருக்கிறது. ‘நோய் இல்லை’ என்ற பொருளுள்ள எண்ணைப் போட்டு, பக்கத்துக் கட்டத்தில் ‘மறுக்கப்பட்டது’ என்றும் போட்டால் என்ன அர்த்தம்? இல்லை என்பது இல்லையா? ஒரு மென்பொருள் ஒரு விதமாகவும் இன்னொன்று வேறு விதமாகவும் படிக்கும். உறுதிநிலையை எண்ணில் சொல்வதா, கட்டத்தில் சொல்வதா என்று ஓர் ஆஸ்பத்திரி முதலிலேயே முடிவுசெய்து அதையே கடைசிவரை பிடித்துக்கொள்ள வேண்டும். இதை மென்பொருள் விற்பவரிடம் விட்டுவிடக்கூடாது. மருத்துவர்கள் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டியது இது.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி.யின் எண்கள் வேறு. அவை புள்ளிவிவரத்துக்கானவை, ஒரு நோய் ஒரு பெட்டியில்தான் விழும். ஐ.சி.டி.-10-இல் வலி நெருக்கடி இல்லாத சிக்கிள் செல் ரத்தசோகைக்கு டி57.1, கேரியருக்கு டி57.3. கடைசி இலக்கம் ஒன்று மாறினால் போதும், ஆரோக்கியமாக இருப்பவர் நோயாளி ஆகிவிடுவார். கணினியும் அதை ஏற்றுக்கொள்ளும். ஸ்னோமெட் எண்ணில் கடைசி இலக்கம் ஒரு சரிபார்ப்பு இலக்கம். டச்சுக் கணிதவியலாளர் வெர்ஹூஃப் உருவாக்கிய கணக்கு அது. ஓர் இலக்கம் தவறினாலோ, அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலோ பிடித்துவிடும்.

ஆனால் அந்தச் சரிபார்ப்பை மென்பொருள் செய்தால்தானே பிடிபடும். சின்ன ஆஸ்பத்திரிகளில் பட்டியல்கள் பெரும்பாலும் எக்செல் கோப்பாகத்தான் கைமாறுகின்றன. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். ஸ்னோமெட் எண்கள் 18 இலக்கம் வரை போகலாம். நாடுகள் தங்களுக்கென்று சேர்க்கும் எண்கள் நீளமானவை. அப்படி ஒன்றை எண்ணாகத் திறந்து சேமித்தால் 15-க்குப் பின் இருப்பதெல்லாம் பூச்சியமாகிவிடும், பல நேரம் ஓர் எச்சரிக்கைகூட வராது. எண்கள் இருக்கும் அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று வைத்தே திறக்க வேண்டும்.

ஸ்னோமெட் மாறிக்கொண்டும் இருக்கிறது. 2022 முதல் மாதந்தோறும் புதுப் பதிப்பு வருகிறது. ஓர் எண்ணை அழிப்பதோ வேறு பொருளுக்குக் கொடுப்பதோ கிடையாது. பொருள் தெளிவில்லை என்று கண்டால் செயலற்றதாக்கி, இதற்குப் பதில் இதைப் பயன்படுத்தலாம் என்று காட்டுவார்கள். சிக்கல் எங்கே வரும் என்றால், ஐந்து வருடத்துக்கு முன்பு போட்ட எண் பட்டியலை வைத்து, சிக்கிள் செல் நோய்க்கான மருந்தான ‘ஹைட்ராக்சியூரியா சாப்பிட வேண்டியவர்கள் யார் யார்’ என்று தேடும்போது. புது எண்ணில் பதிவானவர்கள் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். வராதவரைத் தேடி யாரும் வீட்டுக்குப் போவதுமில்லை. தேடல் பட்டியல்களுக்கு ஒரு பொறுப்பாளரும், வருடத்தில் குறிப்பிட்ட மாதத்தில் ஒரு மறுபார்வையும் கட்டாயம் வேண்டும்.

மருத்துவர் எழுதிய சொந்த வாக்கியத்தையும் எண்ணோடு சேர்த்துச் சேமிக்க வேண்டும். ‘கரைதிறன் பாசிட்டிவ், எச்.பி.எல்.சி. அனுப்பியிருக்கிறது’ என்ற ஒரு வரி கூடவே போனால், எண் தவறாக இருந்தாலும் கோயம்புத்தூரில் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். எந்தப் பதிப்பிலிருந்து எடுத்த எண் என்பதும் உடன் இருக்கட்டும்.

தவறு தெரியவந்தால் அந்த வரியை அழிக்கக்கூடாது. ‘தவறுதலாக ஏற்றியது’ என்று குறித்து, சரியானதைப் புதிதாக எழுத வேண்டும். அதற்குள் பழைய பதிவு ஊட்டிக்கும் பத்தேரிக்கும் போயிருக்கும். திருத்தம் தானாக அங்கெல்லாம் போய்ச் சேரும் என்று நம்பி உட்காரக்கூடாது. எங்கெல்லாம் அனுப்பினோம் என்ற பட்டியலைப் பார்த்து, ஒவ்வோர் இடத்துக்கும் திருத்தத்தை அனுப்பி, ஒரு போனும் போட்டுச் சொல்லிவிட வேண்டும். எச்.பி.எல்.சி. முடிவு ‘கேரியர்தான்’ என்று வந்தால் அந்தப் பிள்ளையின் அம்மாவிடமும் சொல்லி, அவர் கையில் இருக்கும் அட்டையிலும் மாற்றி எழுதித் தர வேண்டும்.