கதை சொல்லுங்கள், கதை விடாதீர்கள்

போன வாரம் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து வந்தார்கள். நான்கு மாதமாக இரவில் தூங்க மறுக்கிறான். அம்மா கண்ணயர்ந்தால் போதும், விரலால் இமையைப் பிரித்துப் பார்க்கிறான். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து, மந்திரித்தல், தாயத்து எல்லாம் முடிந்த பிறகுதான் மனநல ஆலோசகரின் நினைவு வந்திருக்கிறது. "வீட்டில் யாராவது இறந்தார்களா?" என்று கேட்டேன். தாத்தா. "பிள்ளையிடம் என்ன சொன்னீர்கள்?" "தாத்தா தூங்குகிறார் என்று சொன்னோம்."

இந்த ஆண்டில் இப்படி வந்த நான்காவது குழந்தை இவன். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

"சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும், ஏதாவது கதை சொல்லிச் சமாளிக்கலாம்" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்கிறார்கள். என்ன தெரியாது அதற்கு? வாசலில் பந்தல் போட்டதைப் பார்க்கிறது. ஐஸ் பெட்டியைப் பார்க்கிறது. தான் வந்ததும் பேச்சு நிற்பதைக் கவனிக்கிறது. ஐந்து முதல் ஏழு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இறந்தவர் திரும்ப மாட்டார் என்பது புரியத் தொடங்கிவிடுகிறது. நீங்கள் சொல்லாமல் விட்ட இடத்தை அது தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். "நான் தாத்தாவிடம் கோபித்துக்கொண்டதால்தான் போய்விட்டார்" என்று நம்பி, அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கதை சொல்வது வேறு, கதை விடுவது வேறு. கடோபநிடதத்தில் சிறுவன் நசிகேதன் யமனிடமே போய், செத்த பிறகு என்ன ஆகும் என்று கேட்கிறான். யமன் பேச்சை மாற்றப் பார்க்கிறான்: யானை தருகிறேன், குதிரை தருகிறேன், பொன் தருகிறேன், இதை மட்டும் கேட்காதே. நாமும் சாக்லேட்டையும் செல்போனையும் நீட்டுகிறோம். நசிகேதன் அசையவில்லை. கடைசியில் யமன் உட்கார்ந்து பதில் சொல்கிறான். சாவைப் பற்றிக் குழந்தை கேட்கலாம், கேட்டால் பெரியவர் பதில் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கும் மரபு நம்முடையது.

'இறந்துவிட்டார்' என்றே சொல்லுங்கள். 'தவறிவிட்டார்' வேண்டாம், தவறிப் போன பாட்டியைத் தேடிப் போகலாமா என்று ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள். முதலில் உடம்பைச் சொல்லுங்கள்: மூச்சு நின்றுவிட்டது, இனி வலிக்காது, பசிக்காது. சாமி, சொர்க்கம் எல்லாம் உங்கள் நம்பிக்கைப்படி அதற்குப் பிறகு. "நல்லவர்களைச் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்ளும்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அதைக் கேட்ட பிள்ளை நல்லவனாக இருக்கவே பயப்படுவான்.

துக்க வீட்டிலிருந்து பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்குத் துரத்தாதீர்கள். ஒப்பாரியில் ஒரு மனிதரின் வாழ்க்கையே கதையாக வருகிறது. விரும்பினால் மடியில் உட்கார்ந்து கேட்கட்டும். தாத்தா கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அலுக்காமல் சொல்லுங்கள். கேட்டுக் கேட்டுத்தான் பிள்ளைகள் துக்கத்தைச் செரிக்கிறார்கள். வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லையென்றால், "நானும் தாத்தாவிடம் போகிறேன்" என்று சொன்னால், மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போக ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள்.

அந்தச் சிறுவனின் அம்மாவை என் அறையிலேயே உண்மையைச் சொல்ல வைத்தேன். தாத்தா சைக்கிளில் அழைத்துப் போனதில் தொடங்கி, மருத்துவமனை வரை அழுதுகொண்டே சொன்னார். அவன் முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்:

"அந்த ஐஸ் பெட்டியில் தாத்தாவுக்குக் குளிரவில்லையா அம்மா?"

"இல்லை கண்ணு. இறந்த உடம்புக்குக் குளிர் தெரியாது."