ரிஸ்க் ஸ்கோர் – இடர் மதிப்பெண்

ஆன்லைனில் நான்கு கேள்விகளுக்குப் பதில் கொடுத்தால் "உங்கள் ரிஸ்க் ஸ்கோர் 60" என்று வருகிறது. சுகர் வந்துவிட்டதென்று சிலர் பதறுகிறார்கள். நூற்றுக்கு அறுபது பங்கு வந்தே தீரும் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். இரண்டுமே தவறு.

'ரிஸ்க்' இத்தாலியத்தில் பிறந்து, பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போன சொல். கடல் வணிகர்கள் அதிகம் புழங்கியது. கப்பல் கவிழ்ந்துவிட்டது என்பதல்ல, கவிழக்கூடும் என்பதே அதன் பொருள்.

தமிழில் 'ஆபத்து', 'அபாயம்' என்று எழுதுவதுண்டு. இரண்டும் வடசொற்கள் என்பதைவிட, நோய் வாசலுக்கே வந்துவிட்டதுபோல் மிரட்டுகின்றன என்பதே குறை. 'வாய்ப்பு' என்றால் நல்லது நடக்கப்போவதுபோல் ஒலிக்கிறது. 'இடர்' பழைய சொல். 'இடரினும் தளரினும்' என்று சம்பந்தர் பாடியபோது அதற்குத் துன்பம் என்றே பொருள். வரக்கூடிய துன்பம் என்பது பின்னாளில் ஏறிய பொருள். ஆகவே 'நோய் இடர் மதிப்பீடு', 'இடர் மதிப்பெண்' என்பவையே பொருந்தும்.

சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்நகர மக்களிடம் எடுத்த ஆய்வைக் கொண்டு 2005இல் வெளியிட்ட 'இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண்' நல்ல எடுத்துக்காட்டு. வயதுக்கு 30 வரை, உடலுழைப்பின்மைக்கு 30 வரை, இடுப்புச் சுற்றளவுக்கு 20 வரை, பெற்றோரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20 என அதிகபட்சம் 100. இரத்தப் பரிசோதனை வேண்டாம். 60ஐத் தொட்டால் இடர் அதிகம்.

பலர் சறுக்குவது இடுப்பளவில். வேளச்சேரியில் 42 வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம்: உட்கார்ந்த வேலை, தவறாத நடைப்பயிற்சி, அம்மாவுக்குச் சர்க்கரை. வயதுக்கு 20, உழைப்புக்கு 20, அம்மாவுக்காக 10. பேன்ட் சைஸ் 34 என்பதால் 86 செ.மீ. என்று போடுகிறார், ஆணுக்கு 90க்குக் கீழே 0, மொத்தம் 50. பேன்ட்டோ தொப்பைக்குக் கீழே நிற்கிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின், இறுக்காமல் டேப்பைச் சுற்றினால் 92. பத்து கூடி 60 ஆகிறது. பின்லாந்துக்காரர்களின் கணிப்பானில் இதே 92க்குச் சுழியம்தான், அங்கே ஆண்களுக்கு 94இல்தான் மதிப்பெண் தொடங்குகிறது. நம் உடலுக்கு நம் ஊர்க் கணக்கே சரி.

60 வந்தவர் அடுத்து வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வேண்டும்: 100 முதல் 125 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 126 அல்லது அதற்கு மேல் என்றால் மீண்டும் பார்த்து உறுதிசெய்வார்கள்.