நவோதயா பரீட்சை: பிள்ளைக்கு ஆறு மாதம், பெற்றோருக்கு மூன்று வருடம்

நவோதயா என்பது ஆறாம் வகுப்பிலிருந்து தங்கிப் படிக்கும் மத்திய அரசுப் பள்ளி; ஐந்தாவது படிக்கும்போதே அதற்கு நுழைவுத்தேர்வு. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கத்து ஐந்தாம் வகுப்புப் பெற்றோர் எங்களிடம் தவறாமல் கேட்பது ஒன்று உண்டு. "ஏனுங்க டீச்சர், நவோதயாவுக்குக் கோச்சிங் எங்கீங்க நல்லா இருக்குது?" அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன்: "பையன் மூணாவது, நாலாவது எந்த ஸ்கூல்ல படிச்சான்?" பாதிப் பேருக்கு இந்தக் கேள்வி எதற்கென்றே புரிவதில்லை. கோச்சிங்கில் சேர்க்க மூன்று வருடம் முன்பே யோசிப்பவர்கள், விதிமுறையை விண்ணப்பம் மூடும் வாரத்தில்தான் படிக்கிறார்கள். இது அப்படியே தலைகீழாக நடக்க வேண்டிய காரியம்.

1986 கல்விக் கொள்கையின் வழியாக நாடெங்கும் பரவிய ஜவஹர் நவோதயா வித்யாலயங்கள் தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. மும்மொழி, அதில் இந்தி என்பதால் மாநிலம் ஏற்கவில்லை. அது சரியா தவறா என்பது வேறு பேச்சு. கேரளத்தின் 14 மாவட்டங்களிலும் ஒவ்வொன்று உண்டு; பாலக்காட்டுக்கு மலம்புழை. நுழைவுத்தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஆறு முதல் எட்டு வரை படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, சீருடை எல்லாம் இலவசம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பொதுவாக மாதம் 600 ரூபாய். அதிலும் பெண் பிள்ளைகள், எஸ்.சி., எஸ்.டி., வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு விலக்கு. பொள்ளாச்சியில் இருக்கும் உங்கள் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்காத வாய்ப்பு, செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதால் உங்கள் பிள்ளைக்கு இருக்கிறது.

ஆனால் அந்த செக்போஸ்டுதான் நம் ஆட்களுக்கு வினையாகவும் முடிகிறது. பிள்ளை வசிக்கும் மாவட்டமும் ஐந்தாம் வகுப்பு படிக்கும் மாவட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். அங்கே நவோதயாவும் இருக்க வேண்டும். கோபாலபுரம் வழியாகவோ வேலந்தாவளம் வழியாகவோ ஸ்கூல் வேனில் தமிழ்நாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளை இந்தத் தேர்வை எழுதவே முடியாது. வீடு பாலக்காடு மாவட்டம், ரேஷன் கார்டு பாலக்காடு மாவட்டம் என்றெல்லாம் சொல்லிப் பயனில்லை.

அடுத்தது கிராமப்புற ஒதுக்கீடு. ஒரு நவோதயாவில் ஆறாம் வகுப்புக்கு அதிகபட்சம் 80 இடம். அதில் குறைந்தது 75 சதவீதம், அதாவது 60 இடம், கிராமப்புறப் பிள்ளைகளுக்கு. கிராமப்புறம் என்றால் வீடு கிராமத்தில் இருந்தால் போதாது. மூன்று, நான்கு, ஐந்து ஆகிய மூன்று வகுப்புகளையும் கிராமப்புறப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். அந்த மூன்று வருடத்தில் ஒரு நாள் நகர்ப்புறப் பள்ளியில் படித்திருந்தாலும் நகர்ப்புறக் கணக்குதான்.

கேரளத்தில் எல்.பி. ஸ்கூல் (ஆரம்பப் பள்ளி) பெரும்பாலும் நான்காம் வகுப்போடு முடிந்துவிடும். ஐந்தாவதுக்கு யு.பி. ஸ்கூல் (நடுநிலைப் பள்ளி) தேடுவோம். பஞ்சாயத்தில் உள்ள பள்ளியை விட்டுவிட்டு, 'டவுன் ஸ்கூல்' என்று சித்தூர்–தத்தமங்கலம் நகராட்சிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தால் அந்த 60 இடம் கைநழுவிவிடும். மிச்சமிருக்கும் இடங்களுக்குப் பாலக்காட்டு டவுன் பிள்ளைகளோடு போட்டி போட வேண்டியதுதான். ஆகவே நான்காம் வகுப்பு முடியும்போதே இதை யோசியுங்கள். நவோதயாவுக்காக மட்டும் பள்ளியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. மாற்றினால் என்ன போகும் என்று தெரிந்துகொண்டு மாற்றுங்கள், அவ்வளவுதான்.

பேப்பர் விஷயம் இன்னொரு தலைவலி. நம் பக்கத்தில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது வழக்கம். அதனால் பிறப்புச் சான்றிதழ் பொள்ளாச்சியிலோ கோவையிலோ வாங்கியதாக இருக்கும். ஆதாரில் பாட்டி வீட்டு முகவரி. பள்ளிப் பதிவேட்டில் பெயரும் இனிஷியலும்; ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. பிறந்த தேதியில் ஒரு நாள் வித்தியாசம் வந்தாலும் பிரச்சினைதான், ஏனென்றால் வயது வரம்பு கறாரானது: 2026 சேர்க்கைக்கு 1.5.2014 முதல் 31.7.2016 வரை பிறந்தவர்கள் மட்டும். விண்ணப்பம் பெரும்பாலும் ஜூன், ஜூலையில் திறந்து ஆகஸ்ட், செப்டம்பரில் மூடிவிடும். அந்த நேரத்தில் ஆதார் திருத்தத்துக்கு அக்ஷயா மையத்தில் (கேரள அரசின் இ-சேவை மையம்) வரிசையில் நிற்காதீர்கள். ஏப்ரல், மே விடுமுறையிலேயே முடித்துவிடுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. அக்ஷயாவில் அவர்கள் சேவைக்கு வாங்குவது தனி.

விண்ணப்பத்தில் தேர்வு மொழியைக் கேட்பார்கள். "வீட்டில் தமிழ்தானே" என்று தமிழைப் போட்டுவிடுகிறார்கள். பிள்ளை இங்கிலீஷ் மீடியத்தில் படித்திருந்தால் மீ.பொ.ம. (எல்.சி.எம்.), தனிவட்டி என்று தமிழில் பார்த்ததும் திகைத்துவிடும். வீட்டில் பேசும் மொழியைப் பார்க்காதீர்கள், எந்த மொழியில் கணக்கை வாசித்துப் பழகியிருக்கிறதோ அதைப் போடுங்கள்.

இனி தேர்வு. 80 கேள்வி, 100 மதிப்பெண், இரண்டு மணி நேரம். அதில் சரிபாதி, 40 கேள்வி 50 மதிப்பெண், மனத்திறன். எல்லாமே படங்கள், வாசிக்க ஒன்றுமில்லை. தமிழ்ப் பள்ளிப் பிள்ளை, சி.பி.எஸ்.இ. பிள்ளை என்ற வித்தியாசம் இந்தப் பகுதியில் இல்லை என்பது என் அனுபவம். இதற்குத் தடித்த கைடு புத்தகத்தைவிடப் பழைய காலண்டர் தாளும் கத்தரியும் நன்றாக உதவும். சதுரமான தாளை நான்காக மடித்து நடுவில் ஒரு சின்ன முக்கோணம் வெட்டுங்கள். பிரிப்பதற்கு முன், எத்தனை ஓட்டை, எப்படி இருக்கும் என்று வரையச் சொல்லுங்கள். "நாலு" என்று எண்ணிக்கையைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் நான்கு முக்கோணத்தையும் ஒரே பக்கம் பார்த்தமாதிரி வரைவார்கள். தாளைப் பிரித்ததும் ஒன்றுக்கொன்று முகம் பார்த்து நிற்பது தெரியும். "அட!" என்று ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், அதற்கப்புறம் அந்த வகைக் கேள்வியில் தடுமாற்றம் குறைந்துவிடும்.

கண்ணாடிப் பிம்பமும் அப்படித்தான். சிலேட்டில் எழுதி பீரோ கண்ணாடி முன்னால் நிற்கச் சொல்லுங்கள். 'ப' மாறாது, 'ட' திரும்பிக்கொள்ளும். ஏன் என்று அவர்களே சொல்லட்டும். ஆகஸ்டில் தொடங்கி தினமும் அரை மணி நேரம் போதும். பிள்ளையை மூன்றாம் வகுப்பிலிருந்தே ஞாயிற்றுக்கிழமையும் உட்காரவைத்தால் படத்தைப் பார்த்தாலே கொட்டாவி வரும்.

கணக்கு 20 கேள்வி, மொழி 20 கேள்வி. கணக்கு பள்ளிப் பாடத்தை ஒட்டியதுதான். பின்னம், தசமம், சதவீதத்தில் கை வேகம் வேண்டும். மொழிக்கு நான்கு பத்திகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கேள்வி. தினமும் பேப்பரில் ஒரு செய்தியை வாசிக்கவைத்து இரண்டு கேள்வி கேட்டால் போதும்.

விடையை ஓ.எம்.ஆர். தாளில் (வட்டத்தை நிரப்பி விடை குறிக்கும் தாள்) நீல அல்லது கறுப்புப் பந்துமுனைப் பேனாவால்தான் குறிக்க வேண்டும். ஒருமுறை குறித்ததை மாற்ற முடியாது. பென்சிலும் ரப்பருமாகப் பழகிய கைக்கு இது பெரிய விஷயம், முன்கூட்டியே வட்டம் நிரப்பிப் பழக்குங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை; எதையும் விடாமல் குறிக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு பேச்சு வீட்டில் நடக்கவே நடக்காது: பிள்ளைக்குப் போக இஷ்டமா? ஆறாம் வகுப்பிலேயே ஹாஸ்டல். தலை பின்னிக்கொள்ள, துணி துவைக்க, ராத்திரி பயந்தால் யாரிடம் போய்ச் சொல்ல என்று தெரிய வேண்டும். நம் பிள்ளைகளுக்கு மலையாளம் பேசினால் புரியும், எழுதுவதில்தான் சிரமம். முதல் வருடம் கொஞ்சம் தடுமாறும். ஒன்பதாம் வகுப்பில் 30 சதவீதம் பேரை ஒரு வருடத்துக்கு இந்தி பேசும் மாநிலத்து நவோதயாவுக்கு அனுப்புவார்கள். இதையெல்லாம் விண்ணப்பம் போடும் முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். ரிசல்ட் வந்த பிறகு "நான் போகமாட்டேன்" என்று அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்தும் வேலை கடைசியில் எங்களிடம்தான் வருகிறது.

தேர்வு காலை 11.30 முதல் 1.30 வரை. நம் பிள்ளைகள் சாப்பிடும் நேரத்தில் ஓடும் பரீட்சை. கிளம்பும்போது இட்லியைச் சற்றுத் தாமதமாகக் கொடுங்கள்.

இடம் கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் மறுபடி எழுத முடியாது. அதற்காக ஐந்தாம் வகுப்பில் திரும்ப உட்காரவைப்பதும் வீண். இரண்டாம் முறைக்கு அனுமதியே இல்லை. ஒன்பதாம் வகுப்பில் காலியிடம் இருந்தால் தனித் தேர்வு நடக்கும். எட்டாவதை நம் மாவட்டத்திலேயே படிக்கும் பிள்ளைகள் அதை எழுதலாம். அப்போதும் இதே செக்போஸ்டுக் கணக்குத்தான்.