கலர் ஃபிலிம் கழுவும்போது அந்த மூன்றேகால் நிமிடம்

கோடாக் 1972-ல் கொண்டுவந்த சி-41 முறையில்தான் இன்றும் பெரும்பாலான கலர் நெகட்டிவ்கள் கழுவப்படுகின்றன. படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் திரவத்தில் 3 நிமிடம் 15 நொடி, வெப்பம் 37.8 டிகிரி செல்சியஸ். அதில் கால் டிகிரி விலகல்கூட அதிகம். ஆனால் அடுத்து வரும், வெள்ளியை நீக்கும் பிளீச், ஃபிக்ஸர் திரவங்கள் சில டிகிரி கூடினாலும் குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளும். சுத்தமான நிறம் வேண்டுமென்றால் இந்த வித்தியாசத்தைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

ஃபிலிமின் ஜெலட்டினில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகள் இருக்கின்றன. மேலே இருப்பது நீல ஒளியை உணரும், நடுவில் இருப்பது பச்சையை, அடியில் இருப்பது சிவப்பை. ஒளி பட்ட வெள்ளி ஹாலைடு படிகத்தை டெவலப்பர் உலோக வெள்ளியாக்குகிறது. அப்போது தானும் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அப்படி மாறிய மூலக்கூறு, அடுக்கில் ஏற்கெனவே கலந்திருக்கும் கப்ளர் என்ற வேதிப்பொருளுடன் சேர்ந்து அதே இடத்தில் சாயமாகிறது. மேலடுக்கில் மஞ்சள், நடுவில் மெஜந்தா, அடியில் சயான். எங்கே எவ்வளவு வெள்ளி உண்டாகிறதோ, அங்கே அதற்கேற்ற சாயம்.

அடியடுக்கை எட்ட டெவலப்பர் மற்ற இரண்டையும் ஊடுருவிப் போக வேண்டும். சூடு இறங்கினால் மூன்று அடுக்குகளும் ஒரே அளவில் பின்தங்குவதில்லை. நிழலில் ஒரு சாயல், வெளிச்சத்தில் வேறொரு சாயல் என்று படம் பிளவுபடும். ஸ்கேன் செய்த பிறகு ஒன்றைத் திருத்தப் போனால் மற்றது கெடும். நிறம் சரியில்லை என்று ஸ்கேனரைக் குறை சொல்வதற்கு முன் தெர்மாமீட்டரைச் சந்தேகிப்பது நல்லது. அதை வைக்க வேண்டிய இடம் வெந்நீர்த் தொட்டி அல்ல, டெவலப்பர் பாட்டில். ஃபிலிமைக் கழுவும் டேங்கையும், அதற்குள் ஃபிலிமைச் சுற்றிவைக்கும் ரீலையும் முன்னதாகவே சூடாக்கிவிடுங்கள். குளிர்ந்த டேங்க் டெவலப்பரின் சூட்டை உடனே இழுத்துக்கொள்ளும்.

டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்துவதும் சீராக இருக்க வேண்டும். வேதிவினையில் வெளியாகும் புரோமைடு அங்கேயே தேங்கினால் அந்த இடத்தில் வினை மந்தமாகிக் கோடு விழும். மூர்க்கமாகக் குலுக்கினாலோ ஓரத் துளைகளின் அருகே திரவம் பீறிட்டுப் பட்டை பட்டையாகத் தடம் விடும்.

டெவலப்பர் வேலை முடிந்ததும் வெள்ளி தேவையில்லை. பிளீச் அதை மறுபடி ஹாலைடாக்கும், ஃபிக்ஸர் கரைத்து வெளியேற்றும். இரண்டும் முழுமையாக முடிய வேண்டிய வேலைகள்; ஓரிரு நிமிடம் கூடினால் கெடுதல் இல்லை. குறைந்தால் வெள்ளி மிஞ்சி, நிறம் மங்கி, படம் சொரசொரப்பாகத் தெரியும். அப்படி ஆன நெகட்டிவைத் தூக்கி எறிய வேண்டாம். மீண்டும் பிளீச், ஃபிக்ஸர் செய்தால் தேறிவிடும். டெவலப்பரில் நேர்ந்த பிழைக்கு அந்த வாய்ப்பு கிடையாது. அதனால்தான் பிளீச் பட்ட அளவுக்குடுவையை டெவலப்பர் பக்கம் கொண்டுபோகவே கூடாது. சில துளி கலந்தாலே டெவலப்பர் பாழ்.

கடைசியாக ஃபிலிமை முக்கி எடுக்கும் திரவத்தைக் காய்ச்சி வடித்த நீரில் கலந்தால் நீர்த்திட்டுகள் படியாது. அதில் முக்கி எடுத்த பின் தண்ணீரில் அலசாமல், துடைக்காமல், தூசியில்லாத இடத்தில் அப்படியே தொங்கவிடுங்கள். ஈர ஜெலட்டின் மிக மென்மையானது. விரலால் வழித்தாலே கீறல் விழும்.